பட்டாளத்துக்குப் போன முன்னோரைத் தேடுவது எப்படி? தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

"எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்துல இருந்தவர்." தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு வரி இருக்கிறது. எந்தப் பட்டாளம், எந்த வருஷம், எந்த நாட்டுக்குக் கப்பல் ஏறினார் என்று கேட்டால் மட்டும் பேச்சு அதோடு நின்றுவிடும். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கும் மேல் கடல் கடந்து போனார்கள். ஏறக்குறைய 74,000 பேர் உயிரிழந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேராகப் பெருகியது. அதில் இறந்தவர்கள் சுமார் 87,000. இந்தக் கூட்டத்தில் உங்கள் குடும்பத்து ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? பல சமயம் முடியும்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்துத் தமிழ்ச் சிப்பாய்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே படைப்பிரிவில் முனிசாமி பத்து பேர், கோவிந்தசாமி பத்து பேர். படை எண், தந்தை பெயர், ஊரும் தாலுகாவும் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றைச் சேகரிக்கவோ, சேகரித்ததைப் பயன்படுத்தவோதான்.

முதலில் வீட்டைத் தேடுங்கள்

இணையத்தைத் திறக்கும் முன் குடும்பத்தில் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பங்காளி வீட்டுக்காரர்களை விட்டுவிடாதீர்கள். மூத்த மகனிடம் போகாத காகிதம் கடைசி மகளின் மாமியார் வீட்டில் இருக்கும். அனுமதி கேட்டு, பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

"தாத்தா எந்த வருஷம் பட்டாளத்துக்குப் போனார்?" என்று நேரடியாகக் கேட்டால் "ஞாபகம் இல்லையே" என்றுதான் பதில் வரும். ஆண்டு நினைவில் இருக்காது, நிகழ்ச்சி இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

- பெரியப்பா பிறக்கும்போது அவர் ஊரில் இருந்தாரா, வெளியில் இருந்தாரா?
- பென்ஷன் வந்ததா? தபால் ஆபீஸிலா, கருவூலத்திலா, யார் போய் வாங்கினார்கள்? அவர் போன பிறகு பாட்டிக்கு வந்ததா?
- உடம்பில் குண்டுக் காயமோ ஊனமோ இருந்ததா?
- எந்த ஊரில் பயிற்சி? பெங்களூரா, வெல்லிங்டனா?
- அங்கே என்ன வேலை: துப்பாக்கி, பாலம் கட்டுவது, லாரி ஓட்டுவது, சமையல், கோவேறு கழுதை ஓட்டுவது?
- அவர் அடிக்கடி சொன்ன வெளிநாட்டு ஊர்ப் பெயர் என்ன? சரியான உச்சரிப்பு தேவையில்லை. அவர்கள் வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள்.

கடைசிக்கு முந்திய கேள்வியைத் தவறவிடாதீர்கள். குடும்பத்தில் "ராணுவ வீரர்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் படையோடு போனவர்களில் சமையற்காரர், சலவைக்காரர், தண்ணீர் சுமப்பவர், சுமைகூலி என்று ஏராளமானோர் உண்டு. அவர்கள் பதிவுகளில் 'பின்தொடர்வோர்' என்ற தனிப் பிரிவில் இருப்பார்கள்; சிப்பாய்ப் பட்டியலில் தேடினால் ஒருபோதும் அகப்பட மாட்டார்கள். அவர்களும் அதே வெயிலில், அதே காலராவில் செத்தவர்கள்தான். அவர்கள் பெயரைத் தேடிப் பிடிப்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வேறு யாரும் தேடப்போவதில்லை.

பேசி முடித்ததும் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். படையிலிருந்து விலகும்போது கொடுத்த படைவிடுப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், பதக்கம், சீருடைப் புகைப்படம், மணியார்டர் துண்டு, கடிதம், பழைய பத்திரம் எல்லாம் தேவை. விடுப்புச் சான்றிதழ் ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எண், தந்தை பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த தேதி, விலகிய காரணம், அடையாள மச்சம் வரை அதில் இருக்கும். புகைப்படமானால் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அது எடுக்கப்பட்ட ஊர் தெரியும். தோள்பட்டையில் உள்ள உலோக எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் படைப்பிரிவு தெரிந்துவிடும். மடிந்த காகிதத்தை வலுக்கட்டாயமாகப் பிரிக்கவோ, லேமினேஷன் செய்யவோ வேண்டாம். லேமினேஷன் செய்த காகிதத்தை மீட்பது மிகக் கடினம்.

பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

வீட்டில் வேறு எதுவும் இல்லாமல் பதக்கம் மட்டும் இருந்தால்கூடப் போதும். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில், நாணயத்தின் ஓரம் போன்ற அந்தக் குறுகிய பட்டையில், எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். 1914–15 நட்சத்திரப் பதக்கமாக இருந்தால் அது பின்பக்கத்தில் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுமாறு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துபோகும்.

குதிரை மேல் ஒருவன் இருக்கும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பொதுவாக வெள்ளி. அதே பதக்கம் உங்கள் வீட்டில் வெண்கலத்தில் இருந்தால், உங்கள் முன்னோர் தொழிலாளர் படையிலோ சுமைதூக்கும் படையிலோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு அடையாளமே தேடலின் திசையை மாற்றிவிடும்.

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் இல்லாமல் கொடுக்கப்பட்டவை. இந்தியர்களுக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் இருப்பதைக் காணலாம். பெயர் இல்லாவிட்டாலும் பதக்கம் பேசும். பர்மா நட்சத்திரம், ஆப்பிரிக்கா நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம் என்று போர்முனையின் பெயரே அதில் இருக்கிறது.

பதவிச் சுருக்கங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.இ.பி என்றால் சிப்பாய், எஸ்.பி.ஆர் என்றால் சாப்பர் (பாலம், பாதை அமைக்கும் பொறியியல் படை வீரர்), என்.கே என்றால் நாயக், எச்.ஏ.வி என்றால் ஹவில்தார். முதல் உலகப் போர்க் காலத்துப் படை எண் அந்தந்தப் படைப்பிரிவுக்குள் மட்டுமே தனித்தது. 2145 என்ற எண் பத்து ரெஜிமெண்டிலும் இருக்கும். அதனால் எண்ணைக் குறிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே படைப்பிரிவையும் எழுதுங்கள்.

படைப்பிரிவின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்

பலர் வழிதவறுவது இங்கேதான். "மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்று வீட்டில் சொன்னால், அது இன்றைய ரெஜிமெண்டாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

சென்னை மாகாணத்துக்கென்று இருந்த தனிப்படை 1895-இல் ஒன்றுபட்ட இந்தியப் படைக்குள் சேர்க்கப்பட்டது. 1903-இல் அப்போதைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்சனர் செய்த மறுசீரமைப்பில் சென்னைப் படைப்பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63-ஆவது ஆனது. 13-ஆவது சென்னைக் காலாட்படை 73-ஆவது கர்நாடிக் காலாட்படை ஆனது. 23-ஆவது வாலாஜாபாத் இலகு காலாட்படை 83-ஆவது ஆனது. அதாவது ஒரே மனிதர் 1902-இல் 13-ஆவதிலும் 1904-இல் 73-ஆவதிலும் இருப்பார். இடம் மாறியிருக்க மாட்டார். 'கர்நாடிக்' என்ற பெயரைப் பார்த்துக் கன்னடக்காரர்களின் படை என்று தள்ளிவிடாதீர்கள். தமிழர்கள் நிறைய இருந்த படைப்பிரிவுகள் அவை.

1922-இல் மறுபடியும் மாற்றம். கர்நாடிக் காலாட்படைகள் சில சேர்ந்து 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆயின. அதுவும் 1928-க்குள் கலைக்கப்பட்டது. பாதை போடுவது போன்ற வேலைகளையும் செய்த 61, 64, 81-ஆவது பயனியர் படைகள் சேர்ந்த மெட்ராஸ் பயனியர்ஸ் 1933-இல் கலைந்தது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இந்த எல்லா மாற்றத்திலும் அறுபடாமல் தொடர்ந்து வந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-இல் தொடங்கிய அந்தப் படைதான் இன்று பெங்களூருவில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று இருக்கிறது. அங்கே சிப்பாய்களை இன்றும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள்.

கலைக்கப்பட்ட படைப்பிரிவு என்றால் அதன் தனிநபர் ஏடுகள் கிடைப்பது அரிது. உங்கள் முன்னோர் அப்படிப்பட்ட ஒன்றில் இருந்தவர் என்றால் ராணுவ அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டே காத்திருக்காமல் நிலப் பதிவு, பென்ஷன், போர்க் கல்லறை ஆவணம் என்று வேறு பக்கம் திரும்புங்கள்.

உங்கள் ஊர் அப்போது எந்த மாவட்டம்?

ஆவணங்கள் அந்தக் காலத்து மாவட்டப் பெயரில்தான் இருக்கும். தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகள் 1989 வரை வட ஆற்காடு. அதே வட ஆற்காட்டிலிருந்து ஒரு பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது. திருத்தணி 1960-இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டக்காரர்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம். அவர்களுடைய பழைய ஆவணங்களைச் சென்னையில் தேடிப் பயனில்லை, திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

ஊர்ப் பெயரோடு தாலுகாவையும் கண்டுபிடியுங்கள். 'புதூர்' என்று மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஊருக்குள்ளேயே ஒரு ஆவணம் இருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு, நிறையப் பேரை அனுப்பிய கிராமங்களில் ஆங்கிலக் கல்வெட்டுப் பலகைகள் வைத்தார்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டே வரி. பழைய பள்ளிக்கூடம், சாவடி, கோயில் மதில், பஞ்சாயத்துக் கட்டடம் ஆகிய இடங்களில் பாருங்கள். அதில் பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் "நம்ம ஊரிலிருந்து 30 பேர் போனார்கள்" என்று தெரிந்தால், ஒருவரைத் தேடும்போது மற்ற 29 பேரின் குடும்பங்களையும் கேட்கலாம். ஆள் சேர்க்க வந்தவர்கள் ஒரே ஊரிலிருந்து கூட்டமாகச் சேர்த்ததால், பக்கத்து வீட்டுக்காரரின் சான்றிதழில் உங்கள் தாத்தாவின் படைப்பிரிவு கிடைக்க வாய்ப்புண்டு.

போரில் இறந்தவராக இருந்தால்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். 1917-இல் தொடங்கப்பட்ட இந்த ஆணையம் இரு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரைப் பதிவு செய்திருக்கிறது. தேடுவது இலவசம்.

பெயர்க் கட்டத்தை முதலில் காலியாகவே விடுங்கள். தமிழ்ப் பெயர்களை எழுதிக்கொண்ட ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'சாமி' என்ற இரண்டெழுத்தை மட்டும் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். அதற்குப் பதில் 'இந்தியப் படை' என்று தேர்ந்தெடுங்கள், படைப்பிரிவைக் கொடுங்கள், படை எண் இருந்தால் அதையும் போடுங்கள். எண் இல்லையென்றால் கூடுதல் தகவல் கட்டத்தில் தாலுகா பெயரையோ பழைய மாவட்டப் பெயரையோ அந்தக் கால எழுத்துக்கூட்டலில் இடுங்கள்: தஞ்சாவூரை 'டாஞ்சூர்' என்றும், திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினாபொலி' என்றும், திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும் எழுதிய காலம் அது. பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம்" என்று முழு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டிய மூன்றும் ஒரே வரியில்!

நினைவிடத்தின் பெயர் அவர் போன பாதையையும் சொல்லும். பஸ்ரா நினைவகம் என்றால் மெசபடோமியாப் போர்முனை, இன்றைய இராக். அங்கே 40,000-க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். நவ் ஷாப்பேல் என்றால் பிரான்ஸ். ரங்கூன் நினைவகம் என்றால் பர்மா; அங்கே ஏறக்குறைய 27,000 பேர். சிங்கப்பூர் நினைவகம் என்றால் மலேயா வீழ்ச்சியும் அதன் பிறகான சிறைவாசமும். கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்று வந்தால், 1914 நவம்பர் தொடக்கத்தில் நடந்த சண்டையைப் பற்றிப் படியுங்கள். 61-ஆவது பயனியர்களும் 63-ஆவது பாளையங்கோட்டைப் படையும் அங்கே இறக்கப்பட்டவை. இந்தியாவிலேயே இறந்து, கல்லறை பராமரிக்க முடியாமல் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள மெட்ராஸ் 1914–1918 நினைவகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம்.

ஒரு வருத்தமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பஸ்ரா நினைவகச் சுவரில் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியப் படையில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். ஆணையமே அமைத்த குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் அடங்கிய 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதையும், குறைந்தது 1,16,000 பேர் பெயரே இல்லாமலோ அடியோடு நினைவுகூரப்படாமலோ விடப்பட்டதையும் ஒப்புக்கொண்டது. எனவே தேடலில் பெயர் வரவில்லை என்றால் "அப்போ தாத்தா சொன்னது பொய்" என்று முடிவுகட்டாதீர்கள்.

உயிரோடு திரும்பியவராக இருந்தால்

இந்தியச் சிப்பாய்களின் தனிநபர் ஏடுகள் லண்டனில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவை இந்தியாவிலேயே, படைப்பிரிவுகளிடம் இருந்தன. இப்போது கேட்க வேண்டிய இடம் அந்தந்தப் படையின் பதிவு அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெல்லிங்டன். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பயனியர் கோர் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் படை லக்னோ.

ஏடுகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு விதிப்படி அழிக்கப்படும். பென்ஷன் வாங்கியவரின் ஏடு அதிக காலம் இருக்கும். ஏடு அழிந்திருந்தாலும் 'லாங் ரோல்' என்று சொல்லும் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கலாம். எனவே கடிதத்தில் "சர்வீஸ் ஏடு இல்லையெனில் லாங் ரோலில் உள்ள விவரத்தையாவது தரவும்" என்று தனியாகக் கேளுங்கள். கேட்டால்தான் தேடுவார்கள்.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா, பழைய மாவட்டம், தோராயமான சேவைக் காலம், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு எல்லாம் இருக்கட்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்களைச் சேருங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒருமுறை நேரில் போங்கள். அவர் முன்னாள் படைவீரராகப் பதிவு செய்திருந்தால் அங்கே ஒரு அட்டை இருக்கக்கூடும். நேரில் போவதில் இன்னொரு லாபம், அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வயதான ராணுவத்தார். உங்கள் காகிதத்தில் உள்ள சுருக்கெழுத்தை அவர்கள் ஒரு பார்வையில் படித்துவிடுவார்கள்.

எழும்பூர் காப்பகமும் நிலப் பதிவுகளும்

சென்னை எழும்பூரில் 1909-இல் கட்டப்பட்ட செங்கல் கட்டடத்தில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய பெயர் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ். ஒரு சிப்பாயின் பெயரைச் சொல்லி "இவர் ஏட்டைக் கொடுங்கள்" என்று கேட்கும் இடம் அது கிடையாது. அங்கே எல்லாம் துறை, அரசாணை எண், தேதி என்ற வரிசையில் இருக்கும். ஆண்டுவாரியான அச்சிட்ட அட்டவணையில் உங்கள் மாவட்டத்தையும், நில ஒப்படைப்பு, பென்ஷன், ஆள்சேர்ப்பு போன்ற தலைப்புகளையும் பார்த்து, அரசாணை எண்ணைக் குறித்துக்கொடுத்தால் கோப்பு வரும். அனுமதி விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். முதல் நாள் அட்டவணை பார்ப்பதிலேயே போய்விடும். அதற்குத் தயாராகப் போங்கள்.

போருக்குப் போய்வந்தவர்களுக்கு அரசு நிலம் ஒப்படைத்தது, சிலருக்கு ஜங்கி இனாம் என்ற பணமானியம் கொடுத்தது. இந்தக் காகிதங்கள்தான் பட்டாளத்தையும் கிராமத்தையும் இணைக்கும் பாலம். எனவே நிலப் பதிவை விடாதீர்கள். "அது மிலிட்டரிக்காரர் நிலம்" என்று ஊரில் யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதன் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, கிராமத்தின் அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். வில்லங்கச் சான்று 1975 முதல் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பழைய பத்திரங்களில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இரண்டு மூன்று தலைமுறை ஒரே வரியில் வரும், தொழில் என்ற இடத்தில் 'பட்டாளத்து சிப்பாய்' என்று இருக்கும். குடும்ப மரம் வரைய இதைவிட நம்பகமான ஆவணம் குறைவு.

வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டில், இருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. பழைய கர்ணம் குடும்பத்து வீட்டில் இன்னும் ஏதாவது கணக்குச் சுவடி கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரிய வரம். தந்தையின் தொழிலும் படைப்பிரிவும்கூட அதில் எழுதியிருப்பார்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்துகொண்டு தேடலாம். சிப்பாயின் பெயருக்குப் பதில் படைப்பிரிவின் பெயரையும் ஊரையும் இட்டுப் பாருங்கள்.

ஜமேதார், சுபேதார் போன்ற இந்திய அதிகாரிப் பதவியில் இருந்தவர் என்றால் இந்திய ராணுவப் பட்டியல் என்ற அச்சு நூல்களில் பெயர் வந்திருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இவற்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களின் பெயர் அவற்றில் வராது.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. உங்கள் தாத்தாவின் பெயர் அதில் வராது. ஆனால் அவர் இருந்த கம்பெனி எந்த நாளில் எங்கே இருந்தது, என்ன சாப்பாடு வந்தது, எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாக இருக்கும். பெயர் கிடைக்காத குடும்பங்களுக்கும் இது மிகப் பெரிய ஆறுதல். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பிரான்ஸ் போர்முனையிலிருந்து இந்தியர்கள் எழுதிய கடிதங்களின் தணிக்கை அறிக்கைகளும் உண்டு. எதிரியிடம் சிறைப்பட்டவர் என்றால் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் உலகப் போர்க் கைதிகள் தளத்தைப் பாருங்கள், இலவசம்.

பஞ்சாபுக்கு இருப்பதைப் போன்ற வசதியைச் சென்னை மாகாணத்துக்கு எதிர்பார்க்காதீர்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாபியர் பெயர்கள் கொண்ட பதிவேடுகள் 2021-இல் இணையத்துக்கு வந்தன. அது பஞ்சாபுக்கானது. கட்டணத் தளங்களுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். அவற்றில் உள்ள இந்தியப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. குடும்ப வரலாற்றுத் தளமான ஃபேமிலிசர்ச் இலவசம், அதை முதலில் பார்த்துவிடலாம்.

மலேயா, பர்மா, இந்திய தேசிய ராணுவம்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். அவர்களில் பலரும், மலேயாத் தோட்டத் தமிழர்களும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். இவர்களுக்குப் பிரிட்டிஷ் பதக்கமோ பென்ஷனோ இருக்காது. இங்கே தேட வேண்டியது தியாகிகள் பென்ஷன் கோப்பு. மத்திய அரசு 1972-இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பத்தோடு இணைத்த சக சிறைவாசிச் சான்றுகளில் படைப்பிரிவும் முகாமும் இருக்கும். அதே ஆண்டில் கொடுத்த தாமிரப் பட்டயம் வீட்டில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களைத் தேடுவது இன்னும் கடினம். 415 கிலோமீட்டர் பாதைக்காகப் பிடித்துப்போன தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பட்டியல் வைத்தவர்கள் குறைவு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் உள்ள பழைய செய்தித்தாள்கள், மலேசிய தேசிய ஆவணக் காப்பகம் மூன்றையும் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். இங்கே தோட்டத்தின் பெயர்தான் ஊர்ப் பெயர்.

ஆவணங்கள் முரண்பட்டால்

வயது நிச்சயம் முரண்படும். சேரும்போது வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். எழுத்தர் கண்ணளவில் எழுதிக்கொண்டார். ஐந்தாறு வருஷ வித்தியாசத்துக்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். தந்தை பெயரும் ஊரும் இரண்டு தனித்தனி ஆவணங்களில் ஒத்துப்போனால் நம்பலாம். பெயரும் படைப்பிரிவும் மட்டும் ஒத்துப்போனால் போதாது, 'இருக்கலாம்' என்று பென்சிலில் எழுதி வையுங்கள். விருப்பப்பட்டு ஒட்டவைத்த ஒரு முன்னோர், அவருக்குப் பின்னால் வரும் அத்தனை கிளைகளையும் தவறாக்கிவிடுவார்.

ஒவ்வொரு தாளையும் படமெடுக்கும்போது கோப்பின் அட்டை, அரசாணை எண், பக்க எண் மூன்றையும் சேர்த்து எடுங்கள். தேடியும் கிடைக்காத இடங்களையும் தேதியோடு குறித்து வையுங்கள், அடுத்து தேடுபவர் அதே கதவைத் தட்டாமல் இருப்பார்.

விடுபட்ட பெயரைச் சேர்க்க

இவ்வளவு தேடியபின் உங்கள் முன்னோர் போரில் இறந்தது உறுதியாகி, போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் மட்டும் அவர் இல்லை என்றால், சேர்க்கும்படி நீங்களே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே உள்ள பதிவில் பெயர், ஊர் தவறாக இருந்தாலும் திருத்தக் கேட்கலாம். முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாவதுக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் நிகழ்ந்த இறப்புகள் ஏற்கப்படும். சேவையில் இருக்கும்போது இறந்திருந்தால் நோயானாலும் விபத்தானாலும் சரி. ஊருக்குத் திரும்பி வந்து அந்தக் காலத்துக்குள் இறந்திருந்தால், போர்ச் சேவையால் வந்த காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும்.

குடும்பத்தின் வாய்மொழி மட்டும் போதாது. அவர் படையில் இருந்ததற்கு ஒரு ஆவணம், இறந்த தேதிக்கு ஒரு ஆவணம் என இரண்டு ஆவணங்களாவது வேண்டும்: விதவைப் பென்ஷன் உத்தரவு, படைப்பிரிவின் கடிதம், இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த நினைவுத் தகடு, கிராம இறப்புப் பதிவேட்டின் நகல் போன்றவை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்து, ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள விசாரணைப் படிவம் வழியாக அனுப்புங்கள். பரிசீலனைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவர்கள் கொடுக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரமாக வைத்திருந்து, அதைக் குறிப்பிட்டே தொடர்ந்து எழுதுங்கள்.